மேலட்டையைக் கழற்றாதீர்கள்

தாவரவியலில் ஒவ்வொரு செடியின் பெயருக்கும் ஒரு வகைமாதிரி உண்டு. இந்தப் பெயர் எந்தச் செடிக்கு என்று பின்னால் தகராறு வந்தால் எடுத்துப் பார்க்க வேண்டிய அத்தாட்சி அது. பெரும்பாலும் காயவைத்துத் தாளில் ஒட்டிய ஒரு கிளையாக, ஏதோ ஒரு ஹெர்பேரியத்தின், அதாவது உலர்தாவரக் காப்பகத்தின், அலமாரியில் பூட்டிக் கிடக்கும். தென்னைக்கு அப்படி ஒட்டிய ஓலை எதுவும் வகைமாதிரியாக இல்லை. 1678-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான, மலபார்ச் செடிகளைப் பற்றிய ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலின் முதல் தொகுதியில் முதலாவதாக வரும் மரம் ‘தெங்கா’. அந்த மரத்துக்கான செப்புத்தகட்டுப் படங்கள்தான் தென்னையின் வகைமாதிரி. லின்னேயஸ் 1753-ல் ‘கோகோஸ் நூசிஃபெரா’ என்று பெயர் வைத்தபோது அந்தப் புத்தகத்தைச் சுட்டினார். 1979-ல் பனைக்குடும்ப ஆய்வாளர்கள் இருவர் அந்தப் படங்களையே வகைமாதிரியாக முறைப்படி குறித்தார்கள். பொள்ளாச்சியில் நிற்கும் தென்னைக்கும் யாழ்ப்பாணத்தில் நிற்கும் தென்னைக்கும் பெயர்ச் சான்று ஒரு பழைய புத்தகத்தின் சில பக்கங்களில் இருக்கிறது.

பழைய தாவரவியல் நூல்களை, அதுவும் முதல் பதிப்புகளைத் தேடி நான் அலைவதற்கு இதுவே முதல் காரணம். நூறு வருஷத்துக்கு முந்தைய இயற்பியல் புத்தகத்தை இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் யாரும் திறப்பதில்லை. அது வரலாறாகிவிட்டது. தாவரவியலில் கதை வேறு. இன்றைக்குக் கொல்லிமலையில் ஒரு செடியைப் பறித்து, இது புதிய இனம் என்று எழுத நினைக்கும் மாணவர், 1830-களில் அச்சான புத்தகத்தைப் புரட்டாமல் ஒரு வரி எழுத முடியாது. யார் முதலில் அச்சில் பெயர் வைத்தாரோ அவர் வைத்ததுதான் பெயர். இந்தக் கணக்கு 1753 மே 1-ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று உலகத் தாவரவியலாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2012 ஜனவரி 1 வரை, தாளில் அச்சடித்து வெளியே போனால்தான் அந்தப் பெயர் பிறந்ததாகப் பொருள். வீட்டுக்கு மூலப் பத்திரம் எப்படியோ அப்படித்தான் செடிக்கு அந்த முதல் பதிப்பு. பின்னால் எத்தனை நகல் வந்தாலும் வில்லங்கம் என்று வரும்போது மூலத்தைத்தான் கேட்பார்கள்.

ஆற்றங்கரை மருதமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டெர்மினாலியா அர்ஜுனா’ என்ற பெயருக்குப் பின்னால் ராக்ஸ்பர்க், டி கண்டோல், வைட், ஆர்னாட் என்று ஆட்களின் பெயர் சுருக்கமாகத் தொங்கும். பாடம் படிக்கும் காலத்தில் எல்லோரும் அதை மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். உண்மையில் அந்தச் சுருக்கெழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு புத்தகத்துக்கான வழிகாட்டி. கடைசி இரண்டு பெயர்கள் 1834-ல் லண்டனில் வந்த ‘புரோட்ரோமஸ்’ என்ற நூலைக் காட்டுகின்றன. தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ராபர்ட் வைட்டும் ஜார்ஜ் வாக்கர்-ஆர்னாட்டும் சேர்ந்து எழுதியது. முதல் தொகுதி மட்டும் வந்தது, இரண்டாவது வரவே இல்லை. மருதமரத்தின் பெயர் இன்றைய வடிவத்தில் முதன்முதலாக அச்சேறியது அதன் பக்கத்தில்தான்.

ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என் அலமாரியில் இல்லை. அது என் போன்ற ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியரின் கைக்கு எட்டுகிற பொருளும் இல்லை. 12 பெரிய தொகுதிகள். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணிகள் மூவரும் தகவல் தந்தவர்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த சான்றுக் கடிதங்கள் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கின்றன. படங்களின் மேல் செடியின் பெயரை மலையாள எழுத்திலும் செதுக்கியிருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அச்சில் நம் பக்கத்து எழுத்து அப்படிச் செப்பில் பதிந்திருப்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. கே.எஸ். மணிலால் தம் ஆயுளையே செலவிட்டு அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 2003-ல் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது, மலையாளப் பதிப்பு 2008-ல் வந்தது. படிக்க வேண்டும் என்றால் அதை வாங்குங்கள்.

சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய ராக்ஸ்பர்க்கின் ‘பிளாண்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஆஃப் கோரமண்டல்’ நூலையும் பழைய நூல் சேர்ப்பவர்கள் எல்லோரும் உச்சாணிக் கொம்பில் வைப்பார்கள். 1795 முதல் 1820 வரை லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்தது. கையால் வண்ணம் தீட்டிய 300 படங்கள். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு அதன் மேல் பெரிய ஆசை எழுந்ததில்லை. ஆந்திரத்துச் சாமல்கோட்டையில் உட்கார்ந்து அந்தப் படங்களை வரைந்த இந்திய ஓவியர்களின் பெயர் பிளேட்டுகளில் இல்லை. படம் இங்கிருந்து கப்பலேறிப் போனது, அங்கே செதுக்கப்பட்டது, அங்கே வண்ணம் பூசப்பட்டது, அங்கிருந்த சீமான்களின் நூலகத்தில் போய் உட்கார்ந்தது. நம் மரங்களைப் பற்றிய புத்தகம்தான், ஆனால் நமக்காகச் செய்த புத்தகம் அல்ல.

எனக்குப் பிடித்தவை சென்னையில் அச்சானவை. அதிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வைட்டின் ‘ஐகோனிஸ்’ என்ற தாவரப் பட நூலைச் சொல்வேன்.

ராபர்ட் வைட் ஸ்காட்லாந்துக்காரர். கம்பெனியின் மருத்துவராக 1819-ல் சென்னைக்கு வந்தார். தாவரப் புத்தகம் என்றால் லண்டனில் செப்புத்தகட்டில் செதுக்கி வண்ணம் பூசி வரவேண்டும் என்பது அன்றைய வழக்கம். அப்படி வந்தால் அதை வாங்க இந்தியாவில் வேலை செய்யும் ஒரு சாதாரண டாக்டருக்கோ வன அதிகாரிக்கோ வழியில்லை. வைட் கல்லச்சைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்புக்கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால் வரைந்த கோட்டில் மட்டும் மை ஒட்டும். செதுக்குகிற வேலை கிடையாது. வண்ணமும் வேண்டாம் என்று முடிவு செய்து, வெறும் கறுப்புக் கோட்டில், சென்னையிலேயே அச்சடித்துப் பகுதி பகுதியாக வெளியிட ஆரம்பித்தார். 1838-ல் தொடங்கியது 1853-ல் ஆறாவது தொகுதியோடு முடிந்தது. மொத்தம் 2101 படங்கள். இன்றைக்கு எல்லா வசதியும் இருக்கிற காலத்தில் ஒரு பதிப்பகத்தாரிடம் இரண்டாயிரம் படத்துக்கு ஒரு புத்தகம் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதினைந்து வருஷத்தில் பாதிக்கு மேல் வைட் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் அரசு வேலையில் இருந்தார். பருத்திச் சோதனை பெரிதாகக் கைகூடவில்லை. படங்கள் நிலைத்துவிட்டன.

என்னிடம் இருப்பது முழுத் தொகுப்பு இல்லை. மூலை மழுங்கி, முதுகுத்தோல் போன ஒரு தொகுதியும், தைக்காத சில உதிரிப் பகுதிகளும். அந்த உதிரியில் ஒரு படத்தை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தாள் கைக்குத் தடிமனாக, நாலு ஓரமும் பழுப்பேறி, நடுவில் வெளுப்பாக இருக்கிறது. செப்புத்தகட்டு அச்சாக இருந்தால் படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தகட்டின் விளிம்பு அழுத்திய தடம் அது. கோட்டின் மேல் விரலை ஓட்டினால் மை மேடுதட்டித் தெரியும். இதில் இரண்டும் கிடையாது. கோடு தாளோடு தாளாகப் படுத்திருக்கிறது. லென்ஸை வைத்துப் பார்த்தால் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் கல்லின் சொரசொரப்பு பொடிப்புள்ளியாகத் தெரிகிறது. கிளை ஒன்று கீழிருந்து சாய்ந்து வருகிறது. இலையின் மேல்பக்கத்து நரம்பு ஒரு மாதிரி, திருப்பிக் காட்டிய அடிப்பக்கத்து நரம்பு வேறு மாதிரி. அடியில் வரிசையாக, எண்ணிட்டு, பூவைப் பிரித்துப் போட்டிருக்கிறார்: மகரந்தத்தாள் தனியாக, சூலகம் குறுக்கே வெட்டியபடி, விதை ஒன்று நீளவாக்கில் பிளந்தபடி. பூவை அறுத்துப் பார்க்கத் தெரியாத ஓவியர் இதை வரைய முடியாது. நான் பல வருஷம் மாணவர்களுக்கு ஊசியும் பிளேடும் கொடுத்துச் சொல்லித்தந்த வேலை இது. அந்தக் குறுக்குவெட்டில் அறைகளின் எண்ணிக்கையைத் தவறில்லாமல் வரைந்து வாங்குவதற்குள் ஒரு பருவம் முடிந்துவிடும்.

படத்தின் அடிமூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள். வரைந்தவர் கோவிந்து. கல்லில் ஏற்றியவர் டம்ஃபி.

வைட்டுக்கு முதலில் வரைந்தவர் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. இந்த ஒரு மூலை எழுத்துக்காகவே ராக்ஸ்பர்க்கின் வண்ணப் படங்களைவிட இந்தக் கறுப்புக் கோட்டுப் படங்களை நான் உயர்வாக வைக்கிறேன். வைட் அதோடு நிற்கவில்லை. கடைசித் தொகுதியில், 1853-ல், ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். இப்போது அந்தப் பேரினம் ‘டிராபிடியா’வுக்குள் அடங்கிவிட்டது, பெயர் வழக்கில் இல்லை. ஆனால் அச்சேறிய பெயரை யாரும் அழிக்க முடியாது. எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஒத்தபெயர் வரிசையில் அது வந்தே தீரும். வைட்டுக்குப் பின் பெடோமுக்கும் கோவிந்து வரைந்தார். பெடோம் சென்னை மாகாண வனத்துறையின் தலைமையில் இருந்தவர். 1863-ல் தொடங்கி அவர் வெளியிட்ட தென்னிந்தியப் பெரணிகள் நூலும் சென்னை அச்சுதான், கான்ட்ஸ் சகோதரர்கள் வெளியீடு. ரங்கையா, கோவிந்து இருவரின் மூல ஓவியங்களில் பெரும்பகுதி இன்று எடின்பரோவின் தாவரவியல் பூங்காவில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி 2007-ல் அவர்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். நம் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்று செய்திருக்க வேண்டிய வேலை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

அந்தக் காலத்துத் தாவர நூல்கள் ஒரே நாளில் முழுப் புத்தகமாக வரவில்லை. சந்தா கட்டியவர்களுக்குப் பகுதி பகுதியாக, மெல்லிய காகித அட்டையோடு வரும். தொகுதி நிறைந்த பிறகு தலைப்புப் பக்கத்தைத் தனியாக அச்சடித்து அனுப்புவார்கள். வாங்கியவர் எல்லாவற்றையும் பைண்டரிடம் கொடுத்து, காகித அட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தோல் அட்டை போட்டு ஒரே புத்தகமாக்கிக்கொள்வார். விளைவு என்ன? தலைப்புப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு, உள்ளே இருக்கும் எல்லாப் படங்களும் வெளிவந்த ஆண்டு அல்ல. வைட்டின் முதல் தொகுதியே 1838-ல் தொடங்கி 1840-ல்தான் முடிந்தது. ஒரே செடிக்கு இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து ஆண்டுகளில் வேறு வேறு பெயர் வைத்திருந்தால் எது முந்தியது என்பதை அந்தப் பகுதி எப்போது வெளியே போனது என்பதை வைத்துத்தான் தீர்க்க முடியும். அந்தத் தேதி அச்சாகியிருந்தது கழற்றி எறிந்த காகித அட்டையில்.

இதற்காகவே ஸ்டாஃப்ளூவும் கௌவனும் 1976-லிருந்து 1988 வரை ஏழு பெரிய தொகுதிகளில் ஒரு நூற்பட்டியலை உருவாக்கினார்கள். எந்த நூலின் எந்தப் பகுதி எந்த மாதம் வந்தது, அதில் எத்தனை பக்கம், எந்தெந்தப் படம் என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார்கள். அட்டையோடு தப்பிய பிரதிகள், அன்றைய பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகள், நூலகங்கள் புத்தகம் வந்துசேர்ந்த நாளைக் குறித்த பதிவேடுகள், இவைதான் அவர்களுக்குச் சாட்சிகள். பழைய தாவர நூல் சேர்க்க நினைப்பவர்கள் புத்தகம் வாங்குவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சேலத்தில் எனக்குப் பைண்டிங் செய்து தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கல்லூரிப் பதிவேடுகளும் கோர்ட் கட்டுகளும் தைத்துத் தைத்துக் கைவிரல் காய்த்துப்போனவர். முதன்முதலில் உதிரிப் பகுதிகளைக் கொண்டுபோனபோது, “இந்தக் காகித அட்டையெல்லாம் எதுக்கு சார், கிழிஞ்சுபோய்க் கிடக்கு. எடுத்துட்டு காலிகோ போட்டுக் கொடுத்துடறேன், நூறு வருஷம் தாங்கும்” என்றார். “அண்ணே, அட்டைதான் எனக்கு வேணும், மீதி இணையத்துலயே இருக்கு” என்றேன். அவர் கையை நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்டார். தேதி விஷயத்தைச் சொன்னேன். கோர்ட் கட்டில் முத்திரைத் தாளைக் கழற்றினால் வழக்கே போய்விடும் என்பது தெரிந்தவர், உடனே பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதியையும் அதன் அட்டையோடு, ஊசி படாமல், தனித்தனிக் கெட்டி உறைகளில் போட்டு, ஒரு பெட்டி செய்து கொடுத்தார். பழைய ஊசித்துளை வழியாகவே தைக்க முடிகிற இடத்தில் மட்டும் தைத்தார். பசைக்கு மைதாவைக் காய்ச்சினார். எந்தக் காலத்திலும் தண்ணீரில் நனைத்து எடுத்துவிடலாம். செல்லோடேப் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் முடிவு செய்தோம். அது காய்ந்து உதிர்ந்த பின்னும் மஞ்சள் கறை தாளை விட்டுப் போகாது.

வாங்கத் தொடங்குகிறவர்கள் வைட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. கேம்பிளில் ஆரம்பியுங்கள். சென்னை மாகாணத்துச் செடிகளைப் பற்றிய ‘ஃப்ளோரா ஆஃப் தி பிரசிடென்சி ஆஃப் மெட்ராஸ்’, 11 பகுதிகள், 1915 முதல் 1936 வரை. கேம்பிள் 1925-ல் இறந்துவிட்டார். முதல் ஏழு பகுதிகள் அவருடையவை, மீதியை ஃபிஷர் முடித்தார். 1957-ல் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறை கல்கத்தாவிலிருந்து மூன்று தொகுதிகளாக மறுபதிப்பு செய்தது. தமிழ்நாட்டில் தாவரவியல் முதுகலை படித்தவர்கள் கையில் பார்த்தது பெரும்பாலும் அந்த மறுபதிப்பு அல்லது அதற்குப் பின் வந்த நகல்கள். மறுபதிப்பில் பக்க எண்கள் மாறிவிட்டன. அதனால்தான் பின்னால் வந்த நூல்களில் கேம்பிளைச் சுட்டும்போது ஒரு எண்ணும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண்ணும் போட்டிருப்பார்கள். ஒன்று மூலத்தின் பக்கம், மற்றது மறுபதிப்பின் பக்கம். மூலப் பகுதிகள் இன்னும் ஆங்காங்கே கிடைக்கின்றன. கையடக்கமானவை, காட்டுக்குப் பையில் போட்டு எடுத்துப் போவதற்கென்றே செய்தவை.

காட்டுக்குப் போய் வந்த பிரதி கிடைத்தால் விடாதீர்கள். என்னிடம் இருக்கும் கேம்பிளின் மூன்றாம் பகுதி கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. முதல் பக்கத்தில் உரியவரின் பெயர் மையால் அடித்து மறைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் வனத்துறையில் வேலை செய்த ஒருவர் என்று தெரிகிறது, பீட் (காவல் சரகம்) எண்களும் கூப்பு (மரம் வெட்டும் பகுதி) கணக்கும் கடைசி வெற்றுத் தாளில் இருக்கின்றன. உள்ளே பென்சிலில் சின்னச் சின்னத் தமிழ்க் குறிப்புகள். ஆச்சா மரத்துக்குப் பக்கத்தில், “மேட்டூர் மேற்கு, பாறைமேடு, மாசியில் இலை இல்லை, நார் கயிறுக்கு” என்று எழுதியிருக்கிறார். ‘ஹார்டுவிக்கியா பைனேட்டா’ என்ற அந்த மரத்துக்கு ராக்ஸ்பர்க் அறிவியல் பெயர் வைத்தார், கேம்பிள் தமிழ்ப் பெயரையும் அச்சிட்டார். எந்த மேட்டில் நின்றது, எந்த மாதம் மொட்டையாக இருந்தது, ஜனங்கள் அதை எதற்கு உரித்தார்கள் என்பதை இந்தப் பெயர் தெரியாத மனிதர் எழுதி வைத்திருக்கிறார். வேறு சில மரங்களுக்கு அவர் தந்திருக்கும் ஊர்ப்பெயர்களை வைத்துத் தேடிப்போனால் அங்கே இப்போது அந்த மரம் இல்லை. ஆவணம் என்று பார்த்தால் கசங்காத, கறைபடாத பிரதியைவிட இதுதான் எனக்குப் பெரிது. ஆனால் பழைய புத்தக வியாபாரிகளின் கணக்கில் ‘எழுத்துள்ள பிரதி’ என்றால் விலை இறங்கும். உள்ளே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டு, எழுதியிருந்தால் இன்னும் ஆசையாக வாங்குங்கள். அந்தப் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துச் ‘சுத்தம்’ செய்து தருகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறேன்.

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஃபைசன் இருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். அவருடைய நீலகிரி–பழனி மலையுச்சித் தாவர நூல் சென்னை அரசு அச்சகத்தில் 1915-லிருந்து வந்தது. படங்களில் பல அவர் மனைவியும் லேடி போர்னும் வரைந்தவை. 1932-ல் அதையே விரித்து மலை வாசஸ்தலங்களின் தாவரங்கள் என்று இரண்டு தொகுதியாகப் போட்டார். இலங்கைக்கு டிரைமனின் கையேடு, 1893-லிருந்து 1900 வரை. டிரைமன் பாதியில் இறந்துபோக ஹூக்கர் முடித்துக் கொடுத்தது. அதன் படத்தொகுதி தனி, 100 படங்கள். நூல் இருக்கும் இடத்தில் படம் இருக்காது, படம் இருக்கும் இடத்தில் நூல் இருக்காது. இரண்டையும் ஜோடி சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

படம் என்றதும் மனசைக் கொதிக்க வைக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வண்ணப்படம் உள்ள பழைய தாவர நூல்களை முழுசாக விற்பதைவிடப் படங்களை அறுத்துத் தனித்தனியாகச் சட்டம் போட்டு விற்றால் கூடுதல் காசு. உலகம் முழுக்க இது நடக்கிறது. பெரிய ஓட்டல் வரவேற்பறைகளிலும் ரிசார்ட்டுகளின் நடைவழிகளிலும் வரிசையாகத் தொங்கும் பழைய பூப்படங்களைப் பார்க்கும்போது என் கண் படத்துக்குப் போவதில்லை, இடது ஓரத்துக்குப் போகும். பழைய தையல் துளை தெரிகிறதா என்று. தெரிந்தால், ஒரு புத்தகம் அங்கே செத்துப்போயிருக்கிறது. படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த விளக்கவுரை, செடி கிடைத்த இடம், பெயர்க் காரணம் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். தயவு செய்து உதிரிப் படத்தை வாங்காதீர்கள். வாங்குகிற கை இருக்கும்வரை அறுக்கிற கையும் இருக்கும். ஏற்கெனவே படம் அறுபட்ட புத்தகம் கண்ணில் பட்டால், ‘குறைப் பிரதி’ என்று தள்ளாமல் அதை வாங்குங்கள், எழுத்தாவது பிழைக்கட்டும். வைட்டின் ஐகோனிஸ் கறுப்புக் கோட்டில் இருந்ததால் இந்தக் கத்தியிலிருந்து ஓரளவு தப்பியது என்றே நினைக்கிறேன்.

நூலக முத்திரை உள்ள புத்தகம் வந்தால் நிதானிக்க வேண்டும். ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையும் கையெழுத்தும் இருந்தால் சரி. இல்லாமல் வெறும் நூலக முத்திரையும் சேர்க்கை எண்ணும் மட்டும் இருந்தால் அது எப்படி நடைபாதைக்கு வந்தது என்ற கேள்வி இருக்கிறது. எனக்கு ஒருமுறை அப்படி ஒரு நூல் வந்தது. ஒரு கல்லூரியின் முத்திரை. நூலகரைக் கூப்பிட்டுச் சேர்க்கை எண்ணைச் சொன்னேன். இடமில்லை என்று மொத்தமாக எடைக்குப் போட்டதில் போயிருக்கும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். எடைக்குப் போட்டார்கள் என்பதைக் கேட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது எத்தனையோ பழைய புத்தகங்கள் தீயில் போயின; அது விபத்து என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். தராசில் ஏற்றுவதை என்னவென்று சொல்வது? இதற்கு நேர்மாறாக, சென்னைக் கல்லூரிச் சாலையில் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, 1812-ல் தொடங்கிய நூலகம், நைந்துபோன பழைய நூல்களை ஆளுக்கொன்றாகத் தத்தெடுத்துச் செப்பனிடும் செலவை ஏற்கச் சொல்கிறது. புத்தகத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வசதியில்லை என்பவர்கள் அந்த வழியில் போகலாம், அதுவும் சேகரிப்புதான்.

நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் வைத்துக் காப்பாற்றுவது தனிக் கலை. பெரிய எதிரி ராமபாணப் பூச்சி. பசையும் மாவும் உள்ள இடத்தைத்தான் முதலில் தின்னும்; அதனால் முதுகுப் பகுதியும் அட்டையின் உள்மடிப்பும் முதலில் போகும். பாட்டி காலத்து வேப்பிலையை நான் புத்தகத்துக்குள் வைப்பதில்லை, இலையின் சாறு தாளில் பழுப்பாக இறங்கிவிடும். வேண்டுமானால் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வைக்கலாம். உண்மையான மருந்து காற்றும் கண்ணும். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் எடுத்து, பக்கம் புரட்டி, மெல்லிய தூரிகையால் மடிப்பைத் துடைத்து வைப்பேன். சுவரோடு ஒட்டி அலமாரி போடாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பெரிய தொகுதிகளை நிற்க வைக்காமல் படுக்க வைத்தால் முதுகு இறங்காது.

இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, அதற்காக நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியில் வைட், பெடோம், ராக்ஸ்பர்க், ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் எல்லாவற்றையும் ஒரு மாணவி தன் கைபேசியில் காசில்லாமல் பார்க்கலாம். என் காலத்தில் இதில் ஒரு பக்கத்துக்கு நகல் வேண்டும் என்றால் கோவை மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும். படிப்பதற்கு நானும் திரையைத்தான் திறக்கிறேன். ஆனால் அங்கே படமெடுக்கப்பட்டவை பெரும்பாலும் பெரிய நூலகங்கள் தோல் அட்டை போட்டு வைத்திருந்த பிரதிகள். காகித அட்டை கழற்றப்பட்டவை. மேட்டூரில் நின்ற ஆச்சா மரத்தைப் பற்றி எந்தப் பிரதியிலும் பென்சில் எழுத்து இருக்காது. கையிலிருக்கும் பிரதியில் என்ன கூடுதலாக இருக்கிறதோ அதைப் பொதுவில் சேர்ப்பதுதான் இனி சேர்ப்பவர்களின் வேலை என்று நினைக்கிறேன். என் உதிரிப் பகுதிகளின் அட்டைகள் அனைத்தையும் முன்னும் பின்னும் படமெடுத்து வைத்திருக்கிறேன். கேம்பிளின் பென்சில் குறிப்புகளை ஊர், மாதம், மரம் என்று அட்டவணையாக்கிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இங்கேயே போடுவேன்.

பின்னட்டைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அங்கே விளம்பரம் இருக்கும்: அடுத்த பகுதி எப்போது, சந்தா எவ்வளவு, எந்தக் கடையில் கிடைக்கும். புத்தகம் யார் கையை எட்டியது என்று பின்னால் ஆராய்கிறவர்களுக்கு இது பொக்கிஷம்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ வனத்துறையிலோ வேளாண் கல்லூரியிலோ பள்ளியில் இயற்கைப் பாட ஆசிரியராகவோ இருந்திருந்தால், பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கேம்பிள், ஃபைசன், பெடோம், வைட் என்ற பெயர் கண்ணில் பட்டால் பைண்டரிடம் போவதற்கு முன் அட்டைகளை முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் என்று படமெடுத்து அனுப்புங்கள். விற்கச் சொல்லவில்லை, உங்களிடமே இருக்கட்டும். எனக்குக் கேம்பிளில் நான்காம் பகுதியும் ஒன்பதாம் பகுதியும் மூலக் காகித அட்டையோடு இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை. வைட்டின் ஐந்தாம் தொகுதிப் பகுதிகளில் ஒன்றுகூட அட்டையோடு கண்டதில்லை. இந்த மூன்றில் எது யாரிடம் இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், கேமராவை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.